மண்கோடு போட்ட ஜீப்: தோட்டப் பாதையில் கட்டடப் பொருள் ஏற்றும் ஒரு சேவை

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் பிரதான வீதியை விட்டு விலகி, தேயிலை மலைகளுக்கு ஊடாக இரண்டரைக் கிலோமீற்றர் உள்ளே போனால்தான் எங்கள் 7 பேர்ச் காணி வரும். அத்திவாரம் வெட்டும் நாள் வரையில், வீடு கட்டுவதென்றால் காசு திரட்டுவதும் நல்ல மேசன்பாஸ் ஒருவரைப் பிடிப்பதும்தான் பெரும்பாடு என்று எண்ணியிருந்தேன். பணம் கட்டி வாங்கிய சீமெந்தையும் மணலையும் சந்தியில் இறக்கிவிட்டு, இதற்கு மேல் லொறி வராது என்று ஹாட்வெயார் லொறியின் சாரதி திரும்பிப் போன அன்றுதான் எனக்கு உண்மை உறைத்தது. அதன் பிறகு ஏழு மாத காலம் நான் பயன்படுத்திய ஜீப் சேவை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதை நடத்துபவர் ஒரே ஒருவர், வாகனமும் ஒன்றே. பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் பக்கத்தில் அவரை ‘ஜீப் அண்ணன்’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள்.

பாதையைச் சொல்லாமல் சேவையை மதிப்பிட முடியாது. முதல் ஒரு கிலோமீற்றர் கல் பதித்த பழைய தோட்டப் பாதை. கொழுந்து லொறி ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் கல் முதுகு தூக்கி நிற்கிறது. அதன் பிறகு ஓர் ஆற்று மதகை நோக்கி இறக்கம். மதகு தாண்டியதும் இரண்டு முடக்குகளோடு செங்குத்தான ஏற்றம். இரண்டாவது முடக்கில் ஐந்தடி முன்னே போவதற்கு ஓரடி மேலே ஏற வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மலை வெட்டிய சுவரும் கானும், மறு பக்கம் கைபிடி எதுவுமில்லாத தேயிலைச் சரிவும். தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் கைமாறிய பின்பு இத்தகைய பாதைகள் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி நீண்ட காலம் இழுபட்டது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள்ளும் வேலை செய்வதற்கு வழிவிட்டு 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த வேகத்தில் எங்கள் முடக்குக்குக் கொங்கிரீட் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

இவருக்கு முன்பு நான் ஒரு டபிள் கெப் வாகனத்தை வாடகைக்குப் பிடித்திருந்தேன். அதன் சாரதி பழகுவதற்கு இனிமையானவர், எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். இருபத்தைந்து மூடை சீமெந்தை ஏற்றலாமா என்றதற்குச் சரி என்றார். மேலே முப்பது கல் போடலாமா என்றதற்கும் சரி என்றார். சீமெந்து மட்டுமே 1250 கிலோ. இரண்டாவது முடக்கில் முன் சில்லுகள் பாரமிழந்து, சுக்கானைத் திருப்பியும் வாகனம் திரும்பாமல் நேரே மலைச் சுவரை நோக்கிப் போனது. பிரேக் அடித்த அதிர்ச்சியில் பின் கதவின் கொக்கி கழன்று, பதினொரு மூடை கானுக்குள் விழுந்து வெடித்தன. கானில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூடை ஒன்று இரண்டாயிரம் ரூபாவைத் தொடும் காலத்தில் அது சிறிய நட்டமன்று. ஆயினும் என்னை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது வேறொன்று: மூடைகளின் மேல் உட்கார்ந்து வந்த இரண்டு கையாட்கள், ஏற்றம் தொடங்குமுன் மூச்சுவாங்குகிறது என்று வாகனம் நின்ற இடத்தில் வெற்றிலை போடுவதற்காக இறங்கி, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஜீப் அண்ணனுடைய வாகனம் திறந்த பெட்டி வைத்த பழைய லேண்ட் ரோவர். சில்லுகளுக்கு இடைப்பட்ட நீளம் 110 அங்குலம் என்பதால் ‘நூற்றிப்பத்து’ என்றே அந்த ரகத்துக்குப் பெயர். 1983இல் அந்தப் பெயரோடு சந்தைக்கு வந்து, 1990 முதல் டிஃபெண்டர் என்று அழைக்கப்பட்டு, 2016 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வாகனம் அது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்கள் வராதிருந்த காலத்தில், இப்படிப்பட்ட பழைய வண்டிகளை வைத்திருந்தவர்கள் அவற்றை விற்க மறுத்ததில் வியப்பில்லை. நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும் அமைப்பு, அதன் மேல் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ‘லோ’ கியர் வரிசை, தேவைப்படும்போது முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டும் வசதி ஆகிய மூன்றும் எங்கள் பாதைக்குப் போதும். ஆனால் வாகனத்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. முடக்கில் தடுமாறிய டபிள் கெப்பிலும் நான்கு சில்லு இழுவை இருந்தது.

முதல் நாள் மணல் ஏற்றப் போனபோதுதான் வேறுபாட்டைக் கண்டேன். பெட்டியின் உட்புறத் தகட்டில், தரையிலிருந்து ஐந்தரை அங்குல உயரத்தில் சிவப்பு நிறத்திலும் ஆறரை அங்குலத்துக்குச் சற்று மேலே வெள்ளை நிறத்திலும் இரண்டு கோடுகள் நான்கு பக்கமும் சுற்றி வரையப்பட்டிருந்தன. வெள்ளை, காய்ந்த மணலுக்கு. சிவப்பு, ஈர மணலுக்கு. அவர் ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரித்துப் பார்த்தார். உருண்டை உடையாமல் நின்றது. “சிவப்புக் கோடு வரைக்கும் போடுங்க” என்று கையாட்களிடம் சொல்லிவிட்டு, மணல் கோட்டைத் தொட்டதும் சவலை வாங்கி வைத்துவிட்டார். பெட்டியின் பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரம். மூன்றில் ஒரு பங்கு கூட நிறையவில்லை.

“அண்ணே, பெட்டி வெறுமையாத்தானே கெடக்கு? இன்னும் பத்து சவல் போட்டா என்ன?” என்று கேட்டேன்.

“பெட்டியில எடம் இருக்கு தம்பி. அச்சுல எடம் இல்ல.”

அன்று எனக்கு அது பிடிவாதமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி ஆறரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம். தரையின் பரப்பு ஏறத்தாழ 36 சதுர அடி. காய்ந்த மணல் ஒரு கன அடி 45 கிலோ அளவில் இருக்கும். நன்றாக நனைந்தால் 55 கிலோவை எட்டும். பெட்டியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் காய்ந்த மணலே 2400 கிலோவுக்குப் போய்விடும். அந்த வாகனத்தின் பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம் கிலோ. அதற்குள் சாரதியும் பக்கத்தில் இருப்பவரும் கருவிப் பெட்டியும் அடக்கம். தார் வீதிக்குரிய அந்த அளவிலும் குறைத்து, எங்கள் பாதைக்கு 900 கிலோ என்று அவர் வரையறுத்திருக்கிறார். பள்ளத்தில் சில்லு இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் அச்சும் ஸ்பிரிங்கும் தாங்கும் அடி, நின்ற நிலையில் இருக்கும் பாரத்தை விடக் கூடியது என்பதால் அந்தக் குறைப்பு நியாயமானது. 900ஐ 55ஆல் வகுத்துப் பரப்பால் வகுத்தால், சிவப்புக் கோட்டின் உயரம் அச்சொட்டாக வருகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத்தான் அந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறார். அது அவரேதான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

நம்மவர்கள் மணலைக் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் 100 கன அடி. காய்ந்திருந்தாலே நாலரைத் தொன். கியூப் என்ற சொல்லில் நிறை தெரிவதில்லை, அளவு மட்டுமே தெரிகிறது. அதனால்தான் ஒரு கியூபை இரண்டே தடவையில் கொண்டுபோய்விடலாம் என்று பேரம் பேசுகிறோம். இந்த ஜீப்பில் அதற்குக் காய்ந்த நாளில் ஐந்து தடவை, ஈர நாளில் ஆறு தடவை தேவைப்பட்டது.

நிறையை அடுத்து, அதை எங்கே வைப்பது என்பதில் அவர் காட்டும் கவனம் குறிப்பிடத்தக்கது. பாரமான பொருள் எதுவாயினும் பெட்டியின் முன் சுவரோடு ஒட்டி, பின் அச்சுக்கு முன்பாகவே இருக்க வேண்டும். பின் கதவை ஒட்டிய ஒன்றரை அடி வெறுமையாகவோ இலேசான பொருளோடோ இருக்க வேண்டும். ஏற்றத்தில் வாகனத்தின் நிறை தானாகவே பின்னோக்கிச் சாயும். அச்சுக்குப் பின்னால் பாரம் வைத்தால் அது துலாவைப் போல் முன் சில்லுகளைத் தூக்கும். முன் சில்லு தரையை இறுக்கிப் பிடிக்காவிட்டால் சுக்கான் இருந்தும் இல்லாததுதான். டபிள் கெப்பில் நடந்தது இதுவே என்று அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. சீமெந்து மூடைகளை அவர் பதினாறுக்கு மேல் ஏற்றுவதில்லை. கீழே பலகை, அதன் மேல் ஒரு வரிசை, அடுத்த வரிசை செங்கல் கட்டுவதைப் போல் கீழ்வரிசையின் மூட்டுகளை மூடியபடி. இரண்டு வரிசையோடு சரி. அதற்கு மேல் உயர்ந்தால் பாரத்தின் நடுப்புள்ளி உயர்ந்து, ஒரு பக்கச் சில்லு கானோரத்தில் இறங்கும்போது வாகனம் சாயும் ஆபத்து கூடும்.

கட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நம் பக்கத்து வாகனங்கள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. நைலோன் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஒருவர் காலால் மிதித்து இறுக்குவதே வழக்கம். நைலோன் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும், கல் பாதையில் அரைக் கிலோமீற்றர் குலுங்கியதும் அந்த இறுக்கம் போய்விடும். ஜீப் அண்ணன் 50 மில்லிமீற்றர் அகலப் பொலியெஸ்டர் பட்டிகளைப் பயன்படுத்துகிறார். பல்சக்கரக் கைப்பிடி வைத்து இறுக்கும் வகை, ‘ரட்செட் பெல்ட்’ என்று கேட்டால் கடைகளில் தருவார்கள். நல்ல பட்டியில் நீல நிறச் சீட்டு ஒன்று தைத்திருக்கும். அதில் காணும் 2500 என்ற எண், நேராக இழுக்கும்போது ஏறத்தாழ இரண்டரைத் தொன் வரை அந்தப் பட்டியை நம்பலாம் என்பதைக் குறிக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சுமையின் மேலாகப் போட்டு இறுக்கும்போது கைப்பிடி தரும் இறுக்கம் சில நூறு கிலோ மட்டுமே. மீதியைச் சுமைக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அவர் பெட்டித் தரையில் பழைய இறப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார். பட்டி நிமிர்ந்து செங்குத்தாக இறங்குமளவுக்கு அதன் பிடி கூடும். சுமை தாழ்வாக இருந்து பட்டி படுத்த கோணத்தில் போனால் எவ்வளவு இறுக்கினாலும் பயன் குறைவு. ஆகவே தாழ்வான சுமைக்கு மேலாகப் பட்டி போடுவதோடு நில்லாமல், சுமையின் பின்முகத்தைச் சுற்றி முன் வளையங்களுக்கு இன்னொரு பட்டியை இழுத்துக் கட்டுகிறார்.

வீதியில் ஓடும் வாகனங்களுக்கென ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வகுத்துள்ள சுமைகட்டும் வழிகாட்டிகளில், பிரேக் அடிக்கும்போது முன்னோக்கிச் சுமையின் நிறையில் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதியையும் தடுத்து நிறுத்தக் கட்டு வலுவாக இருக்க வேண்டும் என்று உள்ளது. எண்ணூறு கிலோ சீமெந்துக்கு முன்னோக்கி 640 கிலோ, பக்கத்துக்கு 400 கிலோ. முன்னோக்கியதைப் பெட்டியின் முன் சுவரே தாங்கிக்கொள்ளும். சுவரோடு ஒட்டி ஏற்றச் சொல்வதன் இன்னொரு காரணம் இதுதான். பின்னோக்கியதுதான் மலைப் பாதையில் வில்லங்கம். ஐந்துக்கு ஒன்று ஏற்றத்தில் வாகனம் அசையாமல் நின்றாலே சுமையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான விசை பின் கதவை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும்; அதற்கு மேல் குலுக்கலும் சேரும். பின் கதவின் கொக்கி அதற்காகச் செய்யப்பட்டதன்று. அவர் கதவுக்கு முன்னால் குறுக்காக ஒரு தடித்த பலகை வைத்து, அந்தப் பலகையைப் பட்டியால் முன்னுக்கு இழுத்துக் கட்டுகிறார். கதவு தானாகத் திறந்துகொண்டாலும் மூடை நகராது. மதகில் ஒரு தடவை நிறுத்தி எல்லாப் பட்டிகளையும் கையால் தட்டிப் பார்ப்பது அவருடைய மாறாத வழக்கம். ஏறத்தாழ ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றை இரண்டு பல் கூட இறுக்கவே செய்தார்.

கம்பி விடயத்தில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. பன்னிரண்டு மில்லிக் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, விட்டத்தைத் தன்னால் பெருக்கி 162ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் இந்த நிறை கிடைக்கும். இருபதடிக் கம்பி ஒன்று ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூட. அறுபது கம்பி சேர்ந்தாலும் 325 கிலோவைத் தாண்டாது. நிறை பிரச்சினையில்லை, நீளம்தான் பிரச்சினை. ஆறரை அடிப் பெட்டியில் இருபதடிக் கம்பியை வைத்தால், முடக்கில் வாகனத்தின் மூக்கு ஒரு பக்கம் திரும்ப, கம்பியின் வால் மறு பக்கம் வீசி மலைச் சுவரில் இடிக்கும். அல்லது பின்னால் வருபவரின் கழுத்துயரத்தில் ஆடும். நடுவில் மடித்துக் கொண்டுபோகலாம் என்பது மேசன்பாஸின் யோசனை. மடித்துப் பின் நிமிர்த்திய இடம் பலவீனப்படும், அந்தத் துண்டைத் தூணுக்குப் போடாதீர்கள் என்று ஜீப்காரர் மேசனுக்கே பாடம் சொல்லப் போக, இருவரும் இரண்டு நாள் பேசவில்லை. முடிவில் தூணுக்குரிய கம்பியைப் பன்னிரண்டடியாக ஹாட்வெயாரிலேயே வெட்டி வாங்கி, ஜீப்பின் சாரதி அறைக்கு மேலிருக்கும் இரும்புச் சட்டத்தில் தடவைக்குப் பதினைந்தாக, வாலில் சிவப்புத் துணி கட்டி ஏற்றினோம். கீழே பெட்டியில் எட்டு மூடை சீமெந்து இருந்ததால் மேலே ஏறிய ஐம்பது கிலோ வாகனத்தை ஆட்டவில்லை. நீளமான பீமுக்கு வேண்டிய முழுக் கம்பிகளை எங்கள் லயத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் தோளில் சுமந்து குறுக்குப் பாதையால் கொண்டுவந்தார்கள். அதற்கு ஒரு பிளேன்டியும் ஒரு பொதி பிஸ்கட்டும் செலவு.

கூரைத் தகடுகளை அவர் காற்றில்லாத காலை நேரத்தில் மட்டுமே ஏற்றினார். தகட்டின் விளிம்பு பட்டியை அறுத்துவிடும் என்பதால் பழைய டயர் டியூபை வெட்டி மூலைகளில் மடித்து வைத்தார். தண்ணீர்த் தொட்டிக்கு நிறை இல்லை, காற்றுத்தான் எதிரி. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டத்தைப் பற்றி. மதகுக்கு இறங்கும்போது லோ வரிசையின் முதல் கியரில் விட்டு, பிரேக்கில் கால் வைக்காமலேயே நடை வேகத்தில் இறங்குகிறார். எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும் என்பது ஹட்டன் வீதியில் பஸ் ஓட்டிய எவரும் அறிந்ததே. ஏற்றத்துக்கு முன்பே கியரைத் தெரிவுசெய்துகொண்டு, நடுவில் மாற்றுவதேயில்லை. ஒரே ஒரு தடவை, இரண்டாவது முடக்கில் ஈரக் கல்லில் சில்லு சுழன்று எஞ்சின் நின்றுபோனது. நான் பக்கத்தில் இருந்தேன். குதித்து இறங்கக் கதவைத் தொட்டேன். “அசையாதீங்க தம்பி” என்றார். கால் பிரேக்கும் கைப் பிரேக்கும் பிடித்தபடி கிளச்சை மிதித்து, பின்னோக்கும் கியரைப் போட்டு, கிளச்சை முழுதாக விட்டார். பிறகு பிரேக்குகளை மெல்லத் தளர்த்தி, கியரில் இருந்தபடியே எஞ்சினை எழுப்பினார். வாகனம் வந்த தடத்திலேயே நேர்கோடாகப் பின்னால் இறங்கி மதகுத் திடலில் நின்றது. கிளச்சை மிதித்தபடி உருள விட்டிருந்தாலோ, பாதி வழியில் சுக்கானை ஒடித்துத் திருப்ப முயன்றிருந்தாலோ நாங்கள் தேயிலைக்குள் உருண்டிருப்போம். அவர் இறங்கி, சில்லுக்குக் கட்டை கொடுத்து, ஈரமான கல் மேல் இரண்டு சாக்கை விரித்துவிட்டு, மறுபடி ஏற்றினார். பேச்சு எதுவுமில்லை.

சுமையின் மேல் ஆள் ஏறக்கூடாது என்பதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கொழுந்து மூடைக்கு மேலே உட்கார்ந்து பழகிய நம் சனத்துக்கு இது அவமதிப்பாகத் தெரிகிறது. என்னுடைய மாமாவே ஒரு நாள் கோபித்துக்கொண்டு இரண்டரைக் கிலோமீற்றரும் நடந்து வந்தார்.

மழை விடயத்திலும் அப்படியே. எங்கள் பக்கத்து மலைகளில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழை. அக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை. கட்டட வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலையாக விடுக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கடந்தால் மஞ்சள், 100 கடந்தால் செம்மஞ்சள், 150 கடந்தால் சிவப்பு. எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே இவர் ஜீப்பை எடுப்பதில்லை. பாதையின் வெளி விளிம்பு கட்டிய மண். நனைந்து ஊறியிருக்கும்போது மூன்று தொன் வாகனம் அதன் மேல் போனால் விளிம்பு இறங்கிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். ஜூன் மாதத்தில் இதனால் எனக்குப் பன்னிரண்டு நாள் வேலை நின்றது. மேசனுக்கு இரண்டு நாள் சும்மா கூலியும் கொடுத்தேன். அப்போது திட்டினேன். மழைவிட்ட பிறகு மதகுக்குக் கீழே பாதையோரம் ஏறத்தாழ ஆறடி அளவில் சரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

விலை கூடத்தான். சந்தியிலிருந்து காணி வரை ஒரு தடவைக்கு 4500 ரூபா. ஈர மணல் ஒரு கியூபுக்கு ஆறு தடவை என்றால் 27,000. டபிள் கெப்காரர் தடவைக்கு 6000 வாங்கி மூன்றே தடவையில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார், அது 18,000. ஒன்பதாயிரம் ரூபா வித்தியாசத்தைச் சம்பளக்காரன் இலேசாக எண்ண முடியாது. கானில் கரைந்த பதினொரு மூடையின் விலையோடு ஒப்பிட்டே நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இந்தச் சேவை கட்டுப்படியாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறங்குலச் சீமெந்துக் கல் ஒன்று 17 கிலோ என்று வைத்தால், எங்களுக்குத் தேவைப்பட்ட 1400 கல்லும் 24 தொன் அளவு; ஐம்பது ஐம்பதாக ஏற்ற 28 தடவை. அதனால் கல்லை மார்ச் மாத வெயிலில் டிரக்டரில் மதகு வரை கொண்டுவந்து அடுக்கிவிட்டு, மேலே உள்ள ஏற்றத்துக்கு மட்டும் ஜீப்பை நாள் வாடகைக்குப் பேசினோம். அந்த யோசனையை என்னிடம் சொன்னவரும் அவரே. தன் வருமானம் குறையும் என்று தெரிந்துதான் சொன்னார்.

குறைகளும் உண்டு. தொலைபேசி எடுக்கமாட்டார், எடுத்தாலும் “பாப்போம்” என்பதுதான் பதில். எட்டு மணி என்றால் பத்து மணி. ஏற்றி இறக்க ஆள் தருவதில்லை, நாமே இருவரைக் கூட்டிப் போக வேண்டும்; இல்லாவிட்டால் பட்டியைக் கட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. பற்றுச்சீட்டு எழுதித் தருவதில்லை. வங்கிக் கடனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். நான் ஒரு கொப்பியில் திகதியும் சுமையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், அதற்கும் முகம் சுளித்தார். ஏற்றிய பொருளுக்குக் காப்புறுதி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கமே இல்லை. முதல் நாளே அந்தக் கோடுகளின் கணக்கைச் சொல்லியிருந்தால் நான் வீண் வாதம் செய்திருக்கமாட்டேன்.

இவரைப் பேச விரும்புவோர் ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. தோட்டப் பாதையைப் பயன்படுத்த நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் எடுத்துக் கையில் வைத்திருங்கள்; அது இல்லாமல் அவர் கேற்றைத் தாண்டமாட்டார். மணலுக்கு முதல் நாளே படங்கு போட்டு மூடிவைத்தால் வெள்ளைக் கோடு வரை கிடைக்கும். ஒரு கியூபுக்கு ஒரு தடவை மிச்சம். கம்பி வெட்டும் பட்டியலை மேசனிடம் எழுதி வாங்கிக்கொண்டே ஹாட்வெயாருக்குப் போங்கள். எனக்கு இன்னும் தரை ஓடும் மலசலகூடப் பீங்கானும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. தீபாவளி கழிந்து இரண்டாவது சனிக்கிழமை என்று பேசியிருக்கிறோம். அவர் பதில் “மழையப் பாப்போம் தம்பி” என்பதுதான்.